ஒரு குரல் குறைந்தால்

"கத்தாதே, பாடு." ஐரீன் டீச்சர் தன் வாழ்நாளில் அதிகம் சொன்ன வார்த்தை இதுதான். ஜெபமாலை உருட்டும்போதும் இடையில் ஒரு தடவை அவள் வாயில் அது வந்துவிடும் என்று கூட வேலை பார்த்த டீச்சர்மார் கேலி செய்வார்கள்.

ராயபுரத்தில் மாதா கோயிலை ஒட்டி இருந்த பெண்கள் பள்ளிக்கூடம் அது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மூட்டை முடிச்சோடு ஓடிய ஊர், ஓடியது போதும் என்று திரும்பி வந்து பூட்டிக் கிடந்த வகுப்புகளைத் திறந்தபோது, அவள் பாட்டு டீச்சராகச் சேர்ந்தாள். அப்பா துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்த்தவர். யுத்தம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு வந்தது, வந்த வழியே போனது. மிஞ்சியது அம்மாவும், கோயில் பாடகர் குழுவில் கற்ற பாட்டும், பள்ளிக்கூடத்து ஆர்மோனியமும்தான்.

பாட்டு டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்தில் ஊறுகாய் மாதிரி. இருந்தால் தொட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் சோறு இறங்கும். பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் வந்து பாட்டு வகுப்பைக் கடன் கேட்பாள், அடுத்த நாள் பூகோள டீச்சர் கேட்பாள். ஐரீன் கொடுத்ததில்லை. தலைமைக் கன்னியாஸ்திரீ கூப்பிட்டு அனுப்பியும் கொடுக்கவில்லை. கடல் காற்றில் ஆர்மோனியத்தின் தோல் துருத்தி வெடித்தபோது சைக்கிள் டியூபை வெட்டித் தானே ஒட்டினாள். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் பனங்கற்கண்டும் மிளகும் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவாள். பெற்ற தாய்க்குக்கூட இவ்வளவு அக்கறை இருக்காது என்று சொல்லுவார்கள். அக்கறைக்குக் குறைவே இல்லை. அதுதான் பின்னால் வினையாயிற்று.

வகுப்பில் பாதிப் பேர் குப்பத்துப் பிள்ளைகள். கடலோரத்தில் பிறந்த பிள்ளை ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அலைக்கு மேலே பேசிப் பேசி அப்படிப் பழக்கம். அந்தக் கத்தலைத்தான் ஐரீன் தன் எதிரியாக வைத்துக்கொண்டிருந்தாள். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, ஒன்றைப் பற்றவைத்துப் பிள்ளையின் வாய்க்கு நேரே பிடிப்பாள். பாட வேண்டும், சுடர் ஆடக் கூடாது. ஆடினால் அது கத்தல், ஆடாவிட்டால் பாட்டு. பலர் ஊதி அணைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அவளுக்குக் கோபம் வந்தால் பிள்ளையை அடிக்க மாட்டாள். ஆர்மோனியத்தின் தலையில்தான் பிரம்பு விழும்.

நீலா வந்து சேர்ந்தது சுதந்திரம் வந்த வருஷம். கட்டுமரக்காரர் குமாரவேலுவின் மூத்த மகள். தாய் பச்சையம்மா விடியும் முன்பே கூடையைத் தூக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்கு மீன் விற்கப் போய்விடுவாள். அவள் திரும்பும்வரை வீட்டைப் பார்ப்பது, தங்கையைப் பார்ப்பது எல்லாம் நீலாதான். முதல் நாள் அந்தப் பிள்ளை மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலையில் இருந்த தங்கையைக் கூப்பிட்ட கூப்பாட்டில், உள்ளே ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த ஐரீனின் கை நின்றுவிட்டது. இவ்வளவு பெரிய குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. அந்தக் குரலுக்குள்ளே பாட்டு இருப்பதும் அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

இரண்டு வருஷத்தில் நீலா சுடர் ஆடாமல் பாடினாள். மேலே எவ்வளவு உயரம் போனாலும் மெழுகுவத்தி அசையாது. மற்ற டீச்சர்மார் வாசலில் நின்று கேட்டுவிட்டு, இது குப்பத்துப் பிள்ளையா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் ஐரீனுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் என்ன கோளாறு என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை.

ஐரீனுக்குத் தெரியாத ஒரு விஷயத்தை நாம் இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. துறைமுகம் கட்டியதிலிருந்து கடல் வடக்கே திரும்பி ராயபுரத்துக் கரையைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. அரிப்பைத் தடுக்கக் கரை நெடுகப் பாறைக் கற்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அங்கங்கே மணல் விட்ட சந்துகள் உண்டு. கட்டுமரம் கரையேற வேண்டுமானால் அந்தச் சந்து வழியாகத்தான் வர வேண்டும். தவறினால் அலை தூக்கிக் கல்லில் அடிக்கும். பகலில் கண்ணால் பார்த்து வந்துவிடுவார்கள். தை மாதத்தில் பனி இறங்கிக் கரையே தெரியாமல் போகும் காலைகளில், ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் வீட்டு மரம் ஏறும் சந்தில் போய் நின்று குரல் கொடுப்பாள். ஒவ்வொரு வீட்டுக்கும் குரல் கொடுப்பதில் ஒரு எடுப்பு, ஒரு இழுப்பு தனி. கடலில் இருப்பவன் ஊர்க்குரல்களையெல்லாம் தள்ளிவிட்டுத் தன் வீட்டுக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே வருவான். குமாரவேலு ஏறும் சந்து வடக்குக் கோடியில், கடைசி. அங்கே நின்று குரல் கொடுக்க நீலாவை விட்டால் ஆளில்லை.

ஐரீன் அதை ஒரே ஒரு தடவை கேட்டிருந்தாள். முந்தைய தையில் காலைப் பூசைக்குப் போகும்போது, பனிக்குள்ளே வடக்கே எங்கிருந்தோ ஒரு குரல் கீழே எடுத்து, ஏறி ஏறிப்போய், உச்சியில் வெட்டினாற்போல் முறிந்தது. நீலாதான் என்று முறிந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. வகுப்பில் அவளைப் பிடித்து, இப்படிக் கத்தினால் தொண்டை கிழிந்துவிடும், கிழிந்த தொண்டை தைத்தாலும் ஒட்டாது என்று கடிந்துகொண்டாள். ஏன் கூவினாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த தையில் எழும்பூரில் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பாட்டுப் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிற பிள்ளையை ஒரு விடுதியில் வைத்துப் படிப்பு முடியும்வரை சோறும் துணியும் கொடுத்துப் படிக்க வைப்பதாக அறிவிப்பு. ஐரீனுக்கு அது பரலோகத்திலிருந்து இறங்கிய ஏணி மாதிரி தெரிந்தது. நீலா ஜெயித்தால் கூடை தூக்க வேண்டாம். டீச்சராகலாம், தன்னைப் போல. பச்சையம்மாவிடம் போய்ப் பேசினாள். பச்சையம்மா பிடிகொடுக்காமல் மீனைக் கழுவிக்கொண்டே இருந்தாள். குமாரவேலுதான், வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர், தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"போவட்டும் புள்ள. நம்மள மாதிரி உப்புத் தண்ணியில நிக்க வாணாம்," என்றார்.

போட்டி வரைக்கும் தொண்டைக்கு ஓய்வு. சத்தம் போட்டுப் பேசக் கூடாது, தங்கையைத் திட்டக்கூடக் கூடாது. நீலா மாதாமேல் சத்தியம் பண்ணிக் கொடுத்தாள். அவள் மாதாவைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை இல்லை. டீச்சர் நம்புகிற சாமி என்பதால் அதன்மேல் பண்ணினாள். அந்த மாதம் போட்டி நாள் வரை ஒரு நாள்கூடப் பனி இறங்கவில்லை.

போட்டி நாள் விடிந்தபோது பனி இறங்கியிருந்தது. அப்படிப்பட்ட பனியைக் குப்பத்திலேயே பலர் பார்த்ததில்லை. ரயிலடிப் புகையும் அதில் கலந்து, நீட்டிய கை தெரியவில்லை. நீலாவைக் கூட்டிப்போக ஐரீன் குப்பத்துக்கு வந்தாள். வீட்டில் தங்கை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. கரையில் பார்த்தால், இஸ்திரி போட்ட சீருடையும் சிவப்பு ரிப்பனுமாக நீலா வடக்குக் கோடிச் சந்தில் நின்றுகொண்டிருந்தாள். தெற்கே கரை நெடுகப் பெண்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். நீலா வாயைத் திறக்கவில்லை. டீச்சரைப் பார்த்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சத்தியத்தை டீச்சரே அவிழ்த்துவிடுவாள் என்று நினைத்திருப்பாள்.

"நைனா இன்னும் வரல டீச்சர். கொரல் குடுக்கணும்," என்றாள்.

ஐரீன் கடலைப் பார்த்தாள். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கரையைப் பார்த்தாள். எத்தனை குரல்! பாடகர் குழுவை நடத்துகிறவளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: குழு பெரிதாக இருந்தால் ஒருத்தி அன்று வராவிட்டாலும் கேட்கிறவர்களுக்குத் தெரியாது. வருஷக்கணக்காக அதை நம்பித்தான் அவள் பண்டிகைக்குப் பண்டிகை சமாளித்திருக்கிறாள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை. தன் தொழிலில் கற்றதைக் கடற்கரையில் வைத்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"இத்தனை பேர் கூப்பிடறாங்களே நீலா. ஒரு குரல் குறைஞ்சா என்ன? உங்கப்பா வந்துடுவார். நீ இப்போ கத்தினா எல்லாம் போச்சு," என்று சொல்லித் தோளில் கை வைத்தாள்.

நீலா கடலைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி டீச்சரைப் பார்த்தாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை. டீச்சருக்குத் தெரியாததா என்று நினைத்தாள். இரண்டு பேரும் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள்.

எழும்பூர் மண்டபத்தில் நீலா பாடியதை அங்கே இருந்தவர்கள் பின்னால் வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த பெரிய வித்வான்களே நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். ஐரீன் மேடை ஓரத்தில் நின்று அழுதாள். அவளுடைய ஆயுளில் அதைவிடச் சந்தோஷமான நேரம் வந்ததில்லை. இனி வரப்போவதும் இல்லை. வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார்கள். நீலா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தாள். நைனா இதில் கள் ஊற்றிக் குடிப்பார் என்று சொல்லிச் சிரித்தாள்.

குப்பத்து முனையில் இறங்கும்போதே சங்கு கேட்டது. சாவுக்கு ஊதுகிற சங்கு.

குமாரவேலுவோடு அன்று கடலுக்குப் போயிருந்தவன் பச்சையம்மாவின் தம்பி வேலப்பன். அவன் கால் முறிந்து பிழைத்தான். நடந்ததை அவன்தான் சொன்னான். அலைக்கு வெளியே நின்று தெற்கேயிருந்து ஒவ்வொரு குரலாகத் தாண்டிக்கொண்டு வடக்கே வந்திருக்கிறார்கள். அது வேம்பு வீடு, அது இன்னார் வீடு என்று அடையாளம் சொல்லிக்கொண்டேதான் வந்தார்களாம். கடைசியாக நீலா குரல் வர வேண்டும். வரவில்லை. இன்னும் நம் இடம் வரவில்லை போலிருக்கிறது என்று குமாரவேலு மேலும் துடுப்புப் போடச் சொன்னார். என் மகள் கொடுக்காமல் இருக்க மாட்டாள் என்றாராம். அப்படியே தங்கள் சந்து தெரியாமல் தாண்டிப் போய், அலை கையில் சிக்கி, கல்லில்.

நீலா கிண்ணத்தைக் கீழே போடவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே தகப்பனின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். யாரோ பிடுங்கி ஓரமாக வைத்தார்கள்.

ஐரீன் அந்த வீட்டு வாசலில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். பிள்ளையைத் தடுத்தது நான், என்மேல்தான் பாவம் என்று சொன்னாள். தன்னை அடிப்பார்கள், தலைமயிரைப் பிடித்து இழுப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். அடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒருத்தரும் கை ஓங்கவில்லை. பச்சையம்மா அழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ இன்னா பண்ணுவ டீச்சர். ஒனக்குத் தெரியாது," என்றாள். பிறகு மகள் பக்கம் தலையைத் திருப்பாமலே, "அதுக்குத் தெரியுமே," என்றாள்.

அந்த ஒரு வார்த்தை நீலாவின் தலையில் விழுந்ததை ஐரீன் கண்ணெதிரே பார்த்தாள். குப்பத்தில் அதற்குப் பிறகு பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது: டீச்சரம்மா நல்ல மனுஷி, படிச்சவங்க, கடலைப் பற்றி அவங்களுக்கு என்ன தெரியும். பெண்ணுக்கு எங்கே போச்சு புத்தி? ஐரீன் வீடு வீடாகப் போய் இல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அவள் சொல்லச் சொல்ல அவள் பெருந்தன்மைதான் உயர்ந்தது, நீலாவின் குற்றம் இன்னும் பெரிதாயிற்று. உலகத்தில் இப்படியும் ஒரு தண்டனை உண்டு.

விடுதிக்கு நீலா போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு தாயின் பின்னால் வண்ணாரப்பேட்டைக்கு நடந்தாள். மீன் கூடைக்காரி கூவாமல் வியாபாரம் நடக்காது. தாய் கூவுவாள், மகள் எடை போடுவாள். ஐரீன் எதிரே வந்தால் நின்று, தலை குனிந்து, மெதுவாக இரண்டு வார்த்தை பேசுவாள். மெழுகுவத்தி அணையாத குரல்.

அதற்கடுத்த தையில் பனி இறங்கிய முதல் நாள் ஐரீன் கரைக்குப் போனாள். தூங்க முடியாமல்தான் போனாள். பெண்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். வடக்குக் கோடிச் சந்து காலியாகக் கிடந்தது. அங்கே போய் நின்று, முந்திக் கேட்டதை நினைவு வைத்து, கீழே எடுத்து மேலே ஏற்றிக் குரல் கொடுக்க ஆரம்பித்தாள். கடலில் இருப்பவர்களுக்கு ஏதோ ஒரு உதவி ஆகட்டும் என்ற எண்ணம். இரண்டாவது தடவை வாயெடுப்பதற்குள் வேம்பு ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினாள். வேம்பு அடுத்த சந்துக்காரி, அவள் மகன் செல்வம் கடலில் இருந்தான்.

"கூவாத டீச்சர். ஆள் இல்லாத வூடு கூவக் கூடாது. உள்ள இருக்கறவன் ஏமாந்து பூடுவான்," என்றாள். கையை எடுத்த பிறகு, கோபமே இல்லாமல் கேட்டாள்: "ஒன் கொரலுக்கு யாரு வர்றது?"

யாரும் இல்லை. அம்மாவும் அந்த வருஷம்தான் இறந்திருந்தாள். ஐரீன் கரையை விட்டு ஏறி வந்தாள். குமாரவேலு போன பிறகு அந்த வீட்டில் கடலுக்குப் போக ஆளில்லாததால், நீலாவும் இனி எந்தப் பனியிலும் வாய் திறக்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தொண்டை கெட்டுவிடக் கூடாது என்று எவ்வளவு பாடுபட்டாள். இப்போது அது ஒரு கீறல் இல்லாமல் பத்திரமாக இருக்கிறது.

வகுப்புகள் நடந்துகொண்டுதான் இருந்தன. பள்ளிக்கூடம் பரிசுகள் வாங்கியது. டியூப் ஒட்டிய ஆர்மோனியம் போய்ப் புதுசு வந்தது. ஆனால் மெழுகுவத்தியை அவள் மறுபடி ஏற்றவில்லை. ஏன் என்று கேட்ட புது டீச்சருக்குக் காற்று அதிகம், நிற்காது என்று சொல்லிவிட்டாள்.

நீலாவுக்கு வயது வந்தது, கல்யாணப் பேச்சு வரவில்லை. பட்ட காலிலே படும் என்பார்களே, அப்படி. குரல் கொடுக்காத பெண் என்று பெயரிருக்கும்போது கடலுக்குப் போகிறவன் எவன் துணிவான்? தங்கைக்கு முதலில் முடித்தார்கள். கடைசியில் துணிந்தவன் செல்வம். அவனுக்கு அவள்மேல் வெகு நாளாக ஒரு கண். தாய் வேம்பு தலையில் அடித்துக்கொண்டாள், மகன் அசையவில்லை. சரி, பரிசம் போடுகிறேன், ஆனால் ஊர் பார்க்க அவள் குரல் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் தாலி இல்லை என்று வேம்பு கறாராகச் சொல்லிவிட்டாள்.

குரல் காட்டுவது அந்தக் குப்பத்தில் கல்யாணத்துக்கு முன் நடக்கிற ஒரு வழக்கம். தெளிந்த பகலில் மாப்பிள்ளை மரத்தை அலைக்கு வெளியே கொண்டுபோய்க் கரைக்கு முதுகு காட்டி உட்காருவான். பெண் அவன் வீட்டுச் சந்தில் நின்று குரல் கொடுப்பாள். அவன் திரும்பிப் பார்த்தால் சரி. பாதி விளையாட்டு, சிரிப்பும் கேலியுமாக முடிந்துவிடும். நீலாவுக்கு அது விளையாட்டு இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அன்றைக்கு விட்டுப்போன அறைக்கு அத்தனை வருஷம் கழித்து வந்தவள், வாசற்படியிலேயே நின்றாள்.

"வரமாட்டேங்குது டீச்சர்," என்றாள். "வாயத் தொறந்தா நீங்க கத்துக்குடுத்த கொரல்தான் வருது."

ஐரீன் கதவைச் சாத்தினாள். கத்து என்று சொன்னாள். நீலா கத்திப் பார்த்தாள். சுத்தமாக, உருண்டையாக, அழகாக வந்தது. ஆர்மோனியத்தின் துருத்தியை முழுக்க இழுத்து அதற்கு மேலே கேட்கும்படி பாடச் சொன்னாள். அப்போதும் அதேதான். ஒரு பிள்ளையின் கத்தலை எடுக்க இரண்டு வருஷம் பாடுபட்டவளுக்கு, அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. அதற்கு எந்தப் பாடமும் அவள் படித்ததில்லை. இருட்டும்வரை முயன்றார்கள். போகும்போது நீலா, நாளைக்கு நீங்களும் வாங்க என்று மட்டும் சொன்னாள். கெஞ்சலா சாபமா என்று ஐரீனுக்குப் புரியவில்லை.

மறுநாள் கரையில் குப்பமே கூடியிருந்தது. வேலப்பன் கோலை ஊன்றிக்கொண்டு வந்திருந்தான். பச்சையம்மா கூட்டத்தில் சேராமல் ஒரு கல்லருகே நின்றாள். கடல் தெளிந்து கிடந்தது. அலைக்கு அந்தப் பக்கம் செல்வம் மரத்தின் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நீலா சந்தில் நின்று வாயைத் திறந்தாள். வந்தது கோயில் பாட்டு மாதிரி இருந்தது. அலை அதைக் கரையிலேயே விழுங்கிவிட்டது. சில பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வேம்பு சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை அதுகூட வரவில்லை, காற்றுதான் வந்தது. செல்வம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். திரும்பத் துடித்திருப்பான், ஆனால் ஏமாற்றித் திரும்பினால் பனிக்காலத்தில் உயிர் போகும் என்று அவனுக்கும் தெரியும்.

ஐரீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கினாள். அன்றைக்கு நின்ற மாதிரியே நீலாவின் பக்கத்தில் நின்றாள். தோளில் கை வைக்கப் போனவள், வைக்காமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"கிழியட்டும் நீலா," என்றாள்.

நீலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். எந்த வார்த்தையைச் சொல்லி அவள் வாயைக் கட்டினார்களோ அதே வார்த்தை. அந்தப் பார்வையில் இருந்த கோபத்தை ஐரீன் வாங்கிக்கொண்டாள். வருஷக்கணக்காக அவளுக்குச் சேர வேண்டியது அது, இப்போதுதான் வந்து சேர்ந்தது. நீலா கடலைப் பார்த்துத் திரும்பி, அடி வயிற்றிலிருந்து எடுத்தாள். அது பாட்டும் இல்லை, கூவலும் இல்லை. கரகரத்து, பிசிறி, பாதி ஏறி, ஒரு இடத்தில் நிஜமாகவே கிழிந்து, கிழிந்த பிறகும் நிற்காமல் மேலே போயிற்று. சிரித்த பெண்களின் கை வாயிலிருந்து இறங்கியது. ஒரு கைக்குழந்தை பயந்து அழுதது.

அலைக்கு அந்தப் பக்கம் செல்வம் திரும்பினான். துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

கரையில் குலவை எழுந்தது. ஐரீன் அதில் சேரவில்லை. இவ்வளவு அலைச் சத்தத்தில், இவ்வளவு ஜனக் கூச்சலுக்கு நடுவே, ஒரு குரலுக்கு ஒருவன் திரும்புவதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். அதுவரை அவள் கேள்விப்பட்டதுதான். அன்றைக்குப் பனிக்குள்ளே ஒரு மனுஷன் எல்லாக் குரலையும் தாண்டிக்கொண்டு வந்து, இந்த ஒன்றுக்காகத்தான் காது வைத்துக் காத்திருந்தார். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது என்ன என்று இப்போதுதான் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது.

கல்லருகே பச்சையம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் செத்த அன்று அழாத அழுகையை, நெஞ்சில் அடித்துக்கொண்டு, அந்தக் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே அழுதாள். ஐரீன் போய் அவள் பக்கத்தில் ஈர மணலில் உட்கார்ந்தாள். பச்சையம்மா அவளைப் பார்க்கவில்லை. எழுந்து போ என்றும் சொல்லவில்லை.